முன்பணமும் உடலும்: பாலாற்றங்கரையில் நின்று அடிமைமுறையையும் முதலாளியத்தையும் யோசித்தல்

1

எங்கள் ஊர் விரிஞ்சிபுரத்தில் நண்பர்கள் கூடிப் பேசிய ஒரு சிறு கூட்டத்தில் பாலாற்றுப் பகுதியின் தோல் தொழில் பற்றி ஒரு கட்டுரை வாசித்தேன். 'பண்ணை அடிமைத்தனத்திலிருந்து ஆலை அடிமைத்தனத்திற்கு' என்று தலைப்பு. கட்டுரையே தேவையில்லை, தலைப்பே போதும் என்கிற மாதிரியான தலைப்பு. கூட்டம் கலைந்ததும், பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த என் பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். எட்டு வயதில் படியாளாக விடப்பட்டவர். பதினாறு பதினேழு வயதில் ஒரு ராத்திரி சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி, ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் ஷாப்பில் சேர்ந்து, முப்பது வருஷத்துக்கு மேல் சுண்ணாம்புக் குழியில் நின்றவர். "இன்னாடா, அடிமை அடிமைன்னே சொல்லிக்கினு கீறே? நான் ஓடி வந்தவன்டா. அங்க வருசத்துக்கு ஒரு தபா நெல்லு அளப்பான். இங்க சனிக்கெழமை சாயங்காலம் கையில துட்டு. ரெண்டும் ஒண்ணா?" என்றார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நாம் வைத்திருக்கும் சட்டகங்களிலும் இதற்கு நேரான பதில் இல்லை. கட்சி வகுப்புகளில் கற்றுக்கொண்ட வரிசை ஒன்று உண்டு: அடிமைச் சமூகம், பிறகு நிலப்பிரபுத்துவம், பிறகு முதலாளியம். இதன்படி பெரியப்பா ஒரே ராத்திரியில் ஒரு வரலாற்றுக் கட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே வந்துவிட்டார். இன்னொரு தரப்பு, சந்தை வந்தால் சாதியும் அடிமைத்தனமும் தானாக உதிர்ந்துவிடும் என்கிறது. மூன்றாவது, என் கட்டுரை செய்தது: எல்லாவற்றையும் 'அடிமைத்தனம்' என்று ஒரே பெயரில் அடைத்துவிடுவது. மூன்றுமே ஒரு விஷயத்தைத் தவறவிடுகின்றன. அடிமைமுறையும் முதலாளியமும் ஒன்றையடுத்து ஒன்று வந்தவை அல்ல. ஒன்றின் கணக்கேட்டுக்குள் இன்னொன்று எழுதப்பட்டிருக்கிறது. அந்த எழுத்து 'முன்பணம்' என்ற பத்தியில் இருக்கிறது. இதை விளக்க முதலில் கொஞ்சம் தொலைவாகப் போக வேண்டும்.

2

முதலாளியத்தின் வளர்ச்சிக்கும் அடிமைமுறைக்கும் உள்ள பொருளாதார உறவை ஒரு பெரிய விவாதமாக்கியவர் எரிக் வில்லியம்ஸ். டிரினிடாட்காரர், பிற்காலத்தில் 1962இல் விடுதலை பெற்ற அந்நாட்டின் பிரதமர். 1944இல் வெளியான 'முதலாளியமும் அடிமைமுறையும்' என்ற நூலில் அவர் இரண்டு விஷயங்களைச் சொன்னார். ஒன்று, அடிமை வியாபாரத்திலும் கரீபியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களிலும் கிடைத்த லாபம் இங்கிலாந்தின் தொழிற்புரட்சிக்கு முதலீடாகப் பாய்ந்தது. லிவர்பூல், பிரிஸ்டல் துறைமுகங்கள் அப்படித்தான் வளர்ந்தன. இரண்டு, அடிமைமுறை ஒழிக்கப்பட்டதற்கு மனிதாபிமானம் மட்டும் காரணமல்ல. அது லாபம் தராத பழைய ஏற்பாடாக மாறிக்கொண்டிருந்ததே முக்கியக் காரணம். முதலாளியத்தை வளர்த்தது அடிமைமுறை. வளர்ந்த முதலாளியம் அதைத் தூக்கி எறிந்தது.

இரண்டுக்கும் மறுப்பு வந்தது. அடிமை வியாபாரத்தின் லாபம் இங்கிலாந்தின் மொத்த முதலீட்டில் சிறு பங்குதான் என்று சிலர் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 1807இல் பிரிட்டன் அடிமை வியாபாரத்தைத் தடை செய்தபோது அது நொடித்துப் போயிருக்கவில்லை, செழிப்பாகவே இருந்தது என்று செய்மோர் டிரெஷர் 1977இல் வாதிட்டார். இந்த இரண்டாவது மறுப்பில் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவையே பார்க்கலாம். 1860இல் அங்கே ஏறத்தாழ 40 லட்சம் பேர் அடிமைகள். உலகத்திலேயே நவீனமான லங்காஷயர் ஆலைகள் நூற்ற பஞ்சில் முக்கால் பங்குக்கு மேல் அவர்கள் பறித்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சிற்றூர்களில் அடிமைகளுக்கென்றே முரட்டுச் செருப்பு தைக்கும் தொழில் வளர்ந்தது. தைத்தவர்கள் கூலித் தொழிலாளிகள், போட்டு நடந்தவர்கள் அடிமைகள். எது பழைய கட்டம், எது புதிய கட்டம்?

முதல் மறுப்பு அவ்வளவு வலுவானதல்ல. லாபம் எத்தனை சதவீதம் என்று எண்ணுவதோடு விஷயம் முடிவதில்லை. கப்பலுக்குக் காப்பீடு, சரக்குக்கு உண்டியல், தோட்டத்துக்கு அடமானக் கடன் என்று ஒரு கடன் வலை அடிமை வியாபாரத்தைச் சுற்றிப் பின்னப்பட்டது. அமெரிக்கத் தெற்கில் தோட்டக்காரன் கடன் வாங்க ஈடு காட்டியது நிலத்தை மட்டுமல்ல, அடிமைகளையும்தான். ஓர் ஆள் வயலில் பஞ்சு பறித்துக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், தொலைவிலுள்ள ஏதோ ஒரு வங்கியின் ஏட்டில் அவனுடைய உடல் ஈடாகவும் இருந்தது. அடிமை என்பவன் உழைப்பாளி மட்டுமல்லன், கடனுக்கு ஈடும் அவனே. இதை மனதில் வைத்துக்கொண்டு நம் பக்கம் திரும்பலாம்.

3

எம்.ஏ. தமிழில் கல்வெட்டு படித்தபோது எங்கள் ஊர் மார்க்கபந்தீசுவரர் கோயில் கல்வெட்டு ஒன்றைப் பற்றித் தெரிந்துகொண்டேன். விஜயநகர அரசர் தேவராயர் காலத்தது, 1425-26ஆம் ஆண்டைச் சேர்ந்தது. படைவீட்டு ராஜ்யத்துப் பிராமணர்கள், கன்னடியர், தமிழர், தெலுங்கர் எல்லோரும் கூடிச் செய்துகொண்ட உடன்பாடு அது. இனிமேல் பெண்ணைத் தானமாகத்தான் கொடுப்பது. பொன் வாங்கிக்கொண்டு கொடுப்பவரும் பொன் கொடுத்து மணப்பவரும் தண்டனைக்கு உரியவர், பிராமணியத்துக்கும் புறம்பானவர். 'மதிலழகு' என்று ஊரே பெருமைப்படும் கோயிலில் இப்படி ஒரு கல். யாரை விலைக்குக் கொடுக்கக் கூடாது என்பதற்கு ஆவணம் இருக்கிறது. யாரை விற்கலாம் என்பதற்கும் தமிழ்நாட்டில் ஆவணங்கள் உண்டு. 'ஆள்விலைப் பிரமாண இசைவுத் தீட்டு' என்றே பிற்காலச் சோழர் காலத்தில் ஒரு பத்திர வகைக்குப் பெயர் இருந்தது. ஆகவே அடிமைமுறை வெள்ளைக்காரன் கொண்டுவந்ததல்ல. ஆனால் வெள்ளைக்காரன் அதை என்ன செய்தான் என்பதில்தான் நம் கதை இருக்கிறது.

1819இல் சென்னை வருவாய் வாரியம் அடிமைமுறை பற்றிக் கலெக்டர்களிடமிருந்து அறிக்கைகள் கேட்டு வாங்கியது. பள்ளர், பறையர் முதலிய சாதிகளைச் சேர்ந்தவர்கள் நிலத்தோடும் நிலமில்லாமலும் விற்கப்படுவதும் அடமானம் வைக்கப்படுவதும் கம்பெனிக்குத் தெரியாத விஷயமல்ல. கம்பெனியின் கவலை வேறு. பண்ணையாள் போய்விட்டால் சாகுபடி குறையும், சாகுபடி குறைந்தால் வரி குறையும். அதனால்தான் 1833இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தபோது கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதிகளுக்கு அதில் விலக்கு அளித்தது. அதே சட்டத்தின்படி பிற காலனிகளில் அடிமைகளை வைத்திருந்த எஜமானர்களுக்கு 2 கோடி பவுன் நஷ்டஈடு கிடைத்தது. அடிமைகளுக்கு ஒரு காசுகூடக் கிடையாது. அந்தக் கடனை பிரிட்டிஷ் அரசு 2015 வரைக்கும் அடைத்துக்கொண்டிருந்தது.

இந்தியாவுக்கு 1843இல் ஐந்தாம் சட்டம் வந்தது. இது அடிமைமுறையை 'ஒழித்தது' என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். உண்மையில் அது செய்தது, ஓர் ஆள் தன் அடிமை என்ற உரிமையை இனி நீதிமன்றம் ஏற்காது என்று சொன்னது மட்டுமே. அடிமை வைத்திருப்பது தண்டனைக்குரிய குற்றமாக, 1860இல் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டம் 1862இல் அமலுக்கு வரவேண்டியிருந்தது. நிலம் யாருக்கும் தரப்படவில்லை. விடுதலையான ஆள் மறுநாள் காலையில் எழுந்து நின்றால், அவன் குடிசை நிற்கிற மனைகூட அவனுடையதல்ல. செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் 1891இல் எழுதிய குறிப்பின் மையமே இதுதான். சேரி மனை மிராசுதாருடையது. வேலைக்கு வரமாட்டேன் என்றால் வீட்டைக் காலி செய் என்பான். அதன் விளைவாகவே 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை, இன்று பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது, வந்தது.

கூலித் தொழிலாளி இரண்டு அர்த்தத்தில் 'சுதந்திரமானவன்' என்று மார்க்ஸ் கிண்டலாகச் சொன்னார்: உழைப்பை விற்கச் சுதந்திரம், விற்பதற்கு வேறெதுவும் இல்லாத சுதந்திரம். நம்மூர் படியாளுக்கு இரண்டாவது முழுதாகக் கிடைத்தது. முதலாவது அரைகுறையாகத்தான் கிடைத்தது. தன் உழைப்பை அவன் விற்பதற்கு முன்பே அவன் அப்பன் வாங்கிய கடனுக்காக அது எழுதப்பட்டிருந்தது. 1843க்குப் பிறகு ஆள்விலைப் பத்திரத்தின் இடத்தில் கடன் பத்திரம் வந்து உட்கார்ந்தது.

4

இந்த 1840களில்தான் சென்னையில் தோல் பதனிடும் தொழில் புது வடிவம் எடுக்கிறது. பாண்டிச்சேரியைச் சேர்ந்த யூரேசியரான சார்ல்ஸ் டி சூசா, மொரிஷியஸிலிருந்து திரும்பி வந்து, ஆவாரம்பட்டையைக் கொண்டு பதனிடும் முறையைச் சீர்படுத்தினார் என்று பழைய தொழில் அறிக்கைகள் சொல்கின்றன. மொரிஷியஸ் என்பது கவனத்திற்குரியது. அடிமைகளின் உழைப்பில் கரும்பு விளைந்த தீவு அது. 1835இல் அங்கே அடிமைமுறை முடிந்தபோது எஜமானர்கள் வாங்கிய நஷ்டஈடு 20 லட்சம் பவுனுக்கு மேல். அதற்கு முந்தின வருஷமே இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் இறங்கத் தொடங்கிவிட்டார்கள். அடிமைகள் விட்ட மண்வெட்டியை எடுக்க ஆள் வேண்டியிருந்தது.

டி சூசாவின் முறை சென்னையிலிருந்து பாலாற்றங்கரைக்கு வந்தது. தண்ணீர், சுண்ணாம்பு, ஆவாரை, கடுக்காய், தோல் வேலை தெரிந்த கைகள் எல்லாம் இங்கே இருந்தன. 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் வந்து, பிறகு மேற்கே நீண்டது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று தொழில் பரவியது. சாதி இந்துப் பணம் தீட்டுக்கு அஞ்சித் தோலை நேராகத் தொடத் தயங்கியது. அந்த இடைவெளியில் முஸ்லிம் வணிகர்கள் தொழிலைக் கட்டியெழுப்பினார்கள். குழியில் இறங்கியவர்கள் பெரும்பாலும் சேரியிலிருந்து வந்தவர்கள். நாய் விற்ற காசு குரைக்காது என்பார்கள். தோல் விற்ற காசும் யாருக்கும் நாறவில்லை. தோல் தொழிலின் கொடுமை முழுவதையும் முஸ்லிம் முதலாளிகள் தலையில் கட்டிப் பேசுகிற பேச்சு இப்போது கேட்கிறது. அது சங்கிலியின் ஒரு கண்ணியை மட்டும் காட்டி மற்றவற்றை மறைக்கிற பேச்சு.

முழுச் சங்கிலி இப்படி. லண்டன் சந்தையில் 'ஈஸ்ட் இந்தியா' தோல் ஏலம் போகிறது. சென்னையிலிருந்த ஐரோப்பிய ஏற்றுமதிக் கம்பெனிகள் அந்தச் சரக்கை எதிர்பார்த்து முன்பணம் கொடுக்கின்றன. பெரியமேட்டு மண்டிக்காரர் அதில் தன் பங்கைச் சேர்த்துத் தோல் ஷாப்பு முதலாளிக்கு முன்பணம் தருகிறார். முதலாளி பச்சைத்தோல் வியாபாரிக்குத் தருகிறார். கடைசியில் தொழிலாளிக்கும் ஒரு முன்பணம், பெண் கல்யாணத்துக்கோ சாவுச் செலவுக்கோ. மேலிருந்து கீழ்வரை ஓடுவது ஒரே கடன்தான். வித்தியாசம் ஈட்டில் இருக்கிறது. மேல் படிகளில் ஈடு சரக்கு. விலை விழுந்தால் சரக்கு போகும், மண்டி மூழ்கும், முதலாளி வேறு தொழில் பார்ப்பார். கடைசிப் படியில் ஈடாக வைக்கச் சரக்கு இல்லை. அங்கே ஈடு, குழிக்குள் நிற்கிற உடல்தான்.

இந்தச் சங்கிலிக்கு இன்னொரு கிளையும் உண்டு. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் நவம்பர் 16இல் டர்பனில் ஆட்களை இறக்கியது. அதிலிருந்து 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். ஆள் அனுப்பிய மாவட்டங்களில் எங்கள் வட ஆர்க்காடு முக்கியமானது. ஐந்து வருஷ ஒப்பந்தம், முதல் வருஷம் மாதம் பத்து ஷில்லிங். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் எழுதாமல் சுதந்திரமாக வாழ நினைத்தால் வருஷத்துக்கு மூன்று பவுன் வரி என்று 1895இல் சட்டம் போட்டார்கள். சுதந்திரத்துக்கே வரி! 1913 வேலைநிறுத்தத்திற்குப் பிறகு, 1914இல்தான் அது நீங்கியது.

அதே நேட்டாலில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுபோன வாட்டில் மரம் பெருந்தோட்டமானது. நம் பக்கம் காடுகளில் ஆவாரம்பட்டை தட்டுப்பட, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து நேட்டால் வாட்டில் பட்டை கப்பலேறி வந்து பாலாற்றுப் பட்டைக் குழிகளில் விழுந்தது. இங்கிருந்து ஆள் போனான், அங்கிருந்து பட்டை வந்தது. அண்ணன் கரும்புக்காட்டிலும் தம்பி தோல் குழியிலும் நின்றது இரண்டு நாட்டு வரலாறு அல்ல. 1916இல் உலகப் போருக்கு பூட்ஸ் தேவைப்பட்டபோது சென்னை மாகாணத்தின் பதனிட்ட மாட்டுத்தோலை அரசு தன் கட்டுப்பாட்டுக்குள் எடுத்துக்கொண்டது. தொடக்கூடாத தோல் பேரரசின் காலில் ஏறியது.

5

முன்பணம் வெறும் ஏழ்மையின் அடையாளமல்ல, அது ஒரு தொழில்நுட்பம். இலங்கைத் தோட்டங்களில் 'துண்டு' என்றொரு சீட்டு இருந்தது. கங்காணியின் கீழிருக்கும் கூலிகளின் கடன் தொகை அதில் எழுதியிருக்கும். அந்தத் தொகையைக் கட்டும் தோட்டத்துக்குக் கங்காணி ஆட்களோடு மாறிப் போகலாம். விற்பனை என்ற சொல் எங்குமே வராது. ஆனால் ஒரு தோட்டம் காசு கொடுக்கிறது, இன்னொரு தோட்டத்துக்குக் காசு போகிறது, ஆட்கள் இடம் மாறுகிறார்கள். 1921இல் அது சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆள்விலைத் தீட்டுக்கும் கூலிச் சீட்டுக்கும் நடுவில் நிற்கிற காகிதம் அந்தத் துண்டு.

நம்மூரில் துண்டுக்குப் பதில் 'அட்வான்ஸ்'. திண்டுக்கல் தோல் ஷாப்புகளில் கடனால் கட்டுண்ட தொழிலாளிகளையும் அவர்களின் சங்கத்தையும் டி. செல்வராஜ் 'தோல்' நாவலில் எழுதினார். 2012இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற நாவல் அது. வட ஆர்க்காட்டுப் பீடித் தொழிலில் அப்பா அம்மா வாங்கிய முன்பணத்துக்காகப் பிள்ளைகள் உட்கார்ந்து பீடி சுற்றியதை 1996இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கை விரிவாகப் பதிவு செய்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டிருந்தது. அந்தக் கடன்கள் எல்லாம் அன்றே செல்லாதவை. இருந்தும் 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் விறகு வெட்டும் இடங்களிலிருந்து 42 இருளர்கள் மீட்கப்பட்டார்கள். ஒரு முதியவர் அதிகாரியின் காலில் விழுகிற புகைப்படத்தைப் பலரும் பார்த்திருப்போம். சிலருடைய கடன் ஆயிரம் ரூபாய் என்று செய்தி வந்தது.

ஆயிரம் ரூபாய் பெரிய தொகையா என்று கேட்பது தவறான கேள்வி. முன்பணத்தின் வேலை திரும்பி வருவதல்ல, திரும்பாமல் இருப்பது. வட்டி வாங்குபவனுக்குக் கடன் அடைந்தால் லாபம். ஆளை வாங்குபவனுக்குக் கடன் அடையாமல் இருந்தால்தான் லாபம். அடிமைக்கு விலை கொடுத்தவன் அவன் செத்துப்போகாமலாவது பார்த்துக்கொள்ள வேண்டும், தீண்டத்தகாதவனைப் பொறுத்து யாருக்கும் அந்தக் கவலைகூடக் கிடையாது என்று அம்பேத்கர் ஒப்பிட்டுக் காட்டினார். முன்பணம் அந்த வசதியையும் சேர்த்தே கொடுக்கிறது. உடல் ஈடாக இருக்கும், உடலின் பராமரிப்பு எஜமானன் பொறுப்பில் இருக்காது. நோய் வந்தால் மருந்துச் செலவுக்கு இன்னொரு அட்வான்ஸ், அவ்வளவுதான். அடிமைமுறையிலிருந்து முதலாளியம் எதை எடுத்துக்கொண்டது, எதைக் கழித்துவிட்டது என்று கேட்டால் இதுதான் விடை. பிடியை எடுத்துக்கொண்டது, பொறுப்பைக் கழித்துவிட்டது.

6

அப்படியென்றால் பெரியப்பா சொன்னது தவறா? இந்தக் கட்டுரையைத் திருத்தி எழுதும்போது அவரிடம் மறுபடி போனேன். தோல் ஷாப்பில் அட்வான்ஸ் வாங்கினீர்களா என்று கேட்டேன். "வாங்காம? உங்க அத்தை கல்யாணத்துக்கு வாங்கனது. அது அடையறதுக்குள்ள இன்னொண்ணு. வேற ஷாப்புல கூலி ஜாஸ்தின்னு தெரியும், போவ முடியாது. ஆனா ஒண்ணு, அங்க என்னை என் அப்பன் உட்டான். இங்க நானா கைநாட்டு வெச்சேன்" என்றார்.

இந்த வித்தியாசத்தைச் சிறிதாக நினைக்க முடியாது. சங்கம் வைத்ததும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியதும், நான் எம்.ஏ. வரைக்கும் படித்ததும் அந்தச் சனிக்கிழமைக் காசிலிருந்து வந்தவை. முதலாளியம் கொடுத்த விடுதலை அல்ல இது. படியாட்கள் முதலாளியத்தின் வாசலைப் பயன்படுத்தித் தாங்களே எடுத்துக்கொண்டது. வில்லியம்ஸ் அடிமைகளின் கலகங்களுக்குத் தன் நூலின் இறுதியில் ஓர் அத்தியாயம் ஒதுக்கியது ஞாபகம் வருகிறது. 'கட்டங்கள்' என்று பேசும்போது நாம் மறந்துபோவது இந்த ஓடி வந்தவர்களைத்தான். வாசலைத் தாண்டியதும் உள்ளே பழைய கணக்கேடு திறந்து கிடந்தது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்ல நமக்கு இன்னும் ஒரு சொல் கிடைக்கவில்லை. 'ஆலை அடிமைத்தனம்' அந்தச் சொல் அல்ல.

விரிஞ்சிபுரம் சாமிக்கு வழித்துணைநாதர் என்று பெயர். மிளகு மூட்டையோடு வந்த வியாபாரிக்குத் திருடர் பயம் நீங்க, கூடவே நடந்து வந்தாராம். சரக்குக்கு வழித்துணை வந்த சாமி. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து பத்துப் பேர் தூக்கத்திலேயே செத்துப்போனார்கள். ஒன்பது பேர் மேற்கு வங்கத்திலிருந்து வந்த தொழிலாளிகள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் குழியில் இறங்க மறுக்கத் தொடங்கிய இடத்தை நிரப்ப, அவ்வளவு தூரத்திலிருந்து யாரோ முன்பணம் வாங்கிக்கொண்டோ வாங்காமலோ வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய கணக்கை யார் எழுதுவது?

ஆளை ஈடாக வைத்த பத்திரங்கள், அட்வான்ஸ் நோட்டுகள், கைநாட்டுச் சீட்டுகள் இந்தப் பகுதியில் பல வீடுகளின் பரணில் இன்னும் இருக்கக்கூடும். நம்முடைய வரலாற்றுக்கு ஆவணம் அவைதான். கிழித்துப் போடுவதற்கு முன் யாராவது சேகரிக்க வேண்டும். பெரியப்பாவிடம் ஒன்று இருந்தது. கடன் தீர்ந்த அன்றைக்கே அடுப்பில் போட்டுவிட்டதாகச் சொன்னார். அதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.